சீன மொழி பி.ஏ. மூன்று செமஸ்டர் முடிந்துவிட்டது, இப்போது பல்கலைக்கழகம் மாறலாமா?

மாட்டுத்தாவணி_மாண்டரின் · டிசம்பர் 28

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் மதுரை. பிளஸ் டூவில் காமர்ஸ். க்யூட் நுழைவுத் தேர்வு எழுதி வடக்கே ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் சீன மொழி கிடைத்தது. பெயர் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் இப்போது மொத்தமே 23 பேர், தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான், பல்கலைக்கழகத்தைச் சொன்னால் என்னையே கை காட்டின மாதிரி ஆகிவிடும்.

துறையில் நிரந்தர ஆசிரியர் ஒருவர், மற்றவர்கள் கெஸ்ட் லெக்சரர்கள். ஒவ்வொரு செமஸ்டரும் அவர்களுக்கு ஆணை புதுப்பித்து வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடுகிறது. இந்த முறை பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு ஆறு வாரம் ஆளே இல்லை. வந்தவரும் பாடத்தை வாசித்து, ஹிந்தியில் பொருள் சொல்லி, பயிற்சிக் கேள்விகளுக்கு விடையைப் போர்டில் எழுதிப் போட்டு முடித்துவிட்டார். எனக்கு மதிப்பெண் நன்றாகத்தான் வருகிறது, அதுதான் இன்னும் எரிச்சல்.

இந்த விடுமுறையில் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான், அவனோடு வேலை செய்யும் சீன இன்ஜினியர் ஒருவர் சாப்பிட வந்திருந்தார். என்னை எல்லோரும் முன்னால் தள்ளிவிட்டார்கள். சாப்பிட்டு முடித்தபின் "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று சீனத்தில் சொன்னேன். அவர் முழித்தார். அப்புறம் சிரித்துவிட்டார். 'பாவோ' என்பதில் காற்றைச் சேர்த்து ஊதிவிட்டேன் போல, நான் சொன்னதன் பொருள் "நான் ஓடிப்போய்விட்டேன்" என்று ஆகிவிட்டது. அவர் ஏதோ திருப்பிக் கேட்டார், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கடைசியில் போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து நீட்டினார். "எவ்வளவு நாளாகப் படிக்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார். ஒன்றரை வருடம் என்றேன். "ஹென் ஹாவ், ஹென் ஹாவ்" என்றார். மிகவும் நல்லது என்று அர்த்தம். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

என் முன்னால் மூன்று வழிகள்தான் தெரிகின்றன. ஒன்று, ஜேஎன்யூ மாதிரி பெரிய துறை உள்ள இடத்துக்கு மாறுவது. இரண்டு, சீனாவுக்கே போய் மீதியைப் படிப்பது. மூன்று, விட்டுவிட்டு மதுரைக்கே வந்து பி.காம். சேர்வது. அம்மாவுக்கு மூன்றாவது, அப்பாவுக்கு "சேர்ந்ததை முடி, அப்புறம் பேசலாம்". பாதியில் மாறினவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முடித்த தாள்களுக்குக் கிடைத்த கிரெடிட் எல்லாம் கூட வருமா? இல்லை மறுபடி முதலிலிருந்தா?

கோடம்பாக்கம்_குமார் · டிசம்பர் 28

பி.காம். போய்விடு. போனே மொழிபெயர்க்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய், அப்புறம் எதற்கு மூன்று வருடம்?

ஒரகடம்_ஓரம் · டிசம்பர் 28

அந்த ஆப் என் கண்ணெதிரே "டை" என்கிற அச்சுவார்ப்பைச் "சாவு" என்று மொழிபெயர்த்திருக்கிறது குமார். ராத்திரி ஷிஃப்டில் அதை வைத்துக்கொண்டு மிஷினை நிறுத்து பார்க்கலாம். தங்கச்சிக்கு நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், இப்போது வண்டியில் இருக்கிறேன்.

கரும்பலகை · டிசம்பர் 29

நான் ஐந்து வருடம் கெஸ்ட் லெக்சரராகச் சீன மொழி எடுத்தவள். அதாவது, உன் கதையில் ஆறு வாரம் தாமதமாக வந்தவர் என் மாதிரி ஆள்தான். அந்த ஆறு வாரம் எங்களுக்குச் சம்பளமும் கிடையாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன், கோபமில்லை.

கிரெடிட் விஷயம். காகிதத்தில் வழி இருக்கிறது. 2021-இல் யுஜிசி கொண்டுவந்த கிரெடிட் வங்கி விதிப்படி நீ சம்பாதித்த கிரெடிட்டை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகலாம், அது 7 வருடம் வரை செல்லும், பட்டம் கொடுக்கிற இடத்தில் குறைந்தது 50 சதவீதமாவது படித்திருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா. ஆனால் வங்கியில் பணம் இருப்பதும் கடைக்காரர் அந்த நோட்டை வாங்கிக்கொள்வதும் வேறு வேறு. சேர்த்துக்கொள்கிற துறையில் இடம் காலியாக இருக்க வேண்டும், அவர்களுடைய தாளும் உன்னுடைய தாளும் ஒத்துப்போக வேண்டும், அதைப் பார்த்துச் சொல்ல ஒரு குழு கூட வேண்டும். இயற்பியலிலோ வணிகவியலிலோ ஓரளவு ஒத்துப்போகும். மொழியில் ஒரு துறையில் மூன்றாம் செமஸ்டருக்குள் ஆயிரம் எழுத்து எழுத வைத்திருப்பார்கள், இன்னொன்றில் அறுநூறு. இரண்டுக்கும் பெயர் 'சீனம் 3' தான்.

நான் வேலை பார்த்த இடத்துக்கு அப்படி மாறி வந்த ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். நன்றாக எழுதுவான். முந்தைய இடத்தில் ஒலிப்பெழுத்தை, அதாவது பின்யினைப் பார்த்தே வாசித்துப் பழகியிருந்தான், எங்கள் பாடநூலில் அந்த வரி இரண்டாம் வருடத்தில் இல்லை. ஒரு பக்கத்தை வாசிக்க அவனுக்கு இருபது நிமிடம். மற்றவர்கள் காத்திருப்பார்கள். தீபாவளி விடுமுறைக்குப் போனவன் திரும்பவில்லை.

இன்னொன்று, தயவுசெய்து இதை மட்டும் மறக்காதே: வேறு இடத்தில் சேர்க்கை உறுதியாகிக் கையில் கடிதம் வரும்வரை மைக்ரேஷன் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்காதே. அதை வாங்கினால் இங்கே உன் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று பொருள். இரண்டு படகில் கால் வைக்கிறவர்களைக்கூடக் காப்பாற்றலாம், ஒரு படகிலும் இல்லாதவர்களை என்ன செய்ய?

ஒற்றைப்பெட்டி · டிசம்பர் 29

நான் மாறினவன். ஆசைப்பட்டு மாறவில்லை.

2019 செப்டம்பரில் சீனாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சீன மொழி நான்கு வருடப் பட்டத்தில் சேர்ந்தேன், வெளிநாட்டு மாணவர்களுக்கு என்று தனியாக நடத்துவது. 2020 ஜனவரி வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கு வந்தேன், ஒரு மாதம்தானே என்று ஒரே ஒரு பெட்டியோடு. மார்ச்சில் கொரோனா என்று சீன எல்லையை மூடினார்கள். அங்கே காலை 8 மணி வகுப்பு, நமக்கு அதிகாலை 5.30. மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கும் என்பதால் அங்கே போய் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுச் சேவல் ஒரு பக்கம் கூவ, நான் நாலாவது தொனியில் (சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும்) கத்திக்கொண்டிருப்பேன். தெருவே என்னைப் பைத்தியம் என்றது. அடுத்த வருடமும் அதேதான். வெளிநாட்டு மாணவர்கள் திரும்பிப் போக ஆரம்பித்தது 2022 ஆகஸ்ட் வாக்கில்தான். அதற்கு முன்னால், 2022 மார்ச்சில், முன் அனுமதி இல்லாமல் முழுக்க ஆன்லைனில் முடித்த பட்டம் இங்கே செல்லாது என்று யுஜிசி ஓர் எச்சரிக்கை விட்டது. அது வருவதற்கு முந்தைய வருடமே எனக்குப் பொறுமை போய்விட்டது. நுழைவுத் தேர்வு எழுதி இந்தியாவில் மறுபடி முதலாம் ஆண்டில் உட்கார்ந்தேன்.

எச்எஸ்கே என்கிற சீன மொழித் திறன் தேர்வில் 4-ஆம் நிலை பாஸ் பண்ணின சான்றிதழ் கையில் இருந்தது. ஒரு கிரெடிட்டும் தரவில்லை. முதல் நாள் வகுப்பில் "நீ ஹாவ்" சொல்லிக்கொடுத்தார்கள். நானும் சொன்னேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் மூன்று மாதம் அவமானமாக இருந்தது, அதற்கப்புறம் அப்படி இல்லை. மொட்டைமாடிக் காலத்தில் பார்த்து எழுதுகிற பழக்கம் வந்துவிட்டதால் எழுத்தெல்லாம் கை மறந்துபோயிருந்தது. அடித்தளத்தைத் திரும்பப் போட்டேன். வருடக் கணக்குப் பார்த்தால் இரண்டு வருடம் நஷ்டம், அக்கா கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் "இன்னும் படிக்கிறாயா" என்று கேட்டது தனி நஷ்டம்.

சீனாவுக்குள்ளேயே மாறுவது பற்றியும் யாராவது கேட்பீர்கள். என் அறைத்தோழன் ஒருவன் மாறினான். பழைய இடம் விடுகிறோம் என்று கடிதம் தர வேண்டும், புதிய இடம் சேர்க்கைக் கடிதமும் மாணவர் விசாவுக்கான ஜேடபிள்யூ 202 படிவமும் தர வேண்டும், அதை வைத்து வசிப்பு அனுமதியை மாற்ற போலீஸுக்கு 10 நாளுக்குள் போக வேண்டும். அவன் சொந்தக் காசில் படித்தவன், அதனால் முடிந்தது. சீன அரசு உதவித்தொகையில் போகிறவர்கள் பல்கலைக்கழகத்தையோ பாடத்தையோ இடையில் மாற்ற முடியாது என்பதுதான் பொதுவான விதி. ஆகவே போகிற இடத்தை முதலிலேயே சரியாகத் தேர்ந்தெடு.

பினாங்குத்_தூரிகை · டிசம்பர் 30

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நான் சீன ஆரம்பப் பள்ளியில் படித்த தமிழச்சி, இங்கே என்னைப் போல நிறையப் பேர் உண்டு. நானும் பாதியில் மாறியிருக்கிறேன், ஆனால் நான் விழுந்த குழி வேறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

'சீன மொழிப் பட்டம்' என்ற ஒரே பெயரில் இரண்டு பிராணிகள் இருக்கின்றன. ஒன்று 'ஜோங்வென்' துறை. சீனம் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கு உரியது. அங்கே யாரும் உங்களுக்குப் பேசக் கற்றுத்தர மாட்டார்கள். முதல் வாரமே தாங் காலக் கவிதை, பழைய உரைநடை, எழுத்துகளின் வரலாறு. நம் ஊரில் தமிழ் இலக்கியம் பி.ஏ. எப்படியோ அப்படி. மற்றது வெளிநாட்டவர்களுக்கு மொழியைக் கற்பிக்கிற பட்டம், பெய்ஜிங் மொழி கலாச்சாரப் பல்கலைக்கழகம் 1962-இல் தொடங்கியதே இந்த வேலைக்காகத்தான்.

எனக்குச் சீனம் சரளமாக வருமே என்ற திமிரில், நான் இரண்டாவது வகையில் ஒரு வருடம் படித்துவிட்டு "இது குழந்தைப் பாடம்" என்று முதல் வகைக்கு மாறினேன். நடுத்தேர்வில் ஒரு வரி. அதில் 'ஸௌ' என்று ஒரு சொல், தினமும் நூறு தடவை சொல்கிற சொல், 'நட' என்று பொருள். அதை வைத்து மொழிபெயர்த்தேன். போர்க்களத்தில் தோற்ற படை நிதானமாக நடந்து போனது என்று எழுதியிருந்தேன். பழைய சீனத்தில் அதற்கு 'ஓடு' என்று பொருள். தமிழில் 'நாற்றம்' மாதிரிதான், சங்கப் பாட்டில் வந்தால் நறுமணம், இன்றைக்குச் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அந்தத் தேர்வில் எனக்கு 38.

நான் பிழைத்தேன், பிடித்தும் போனது, அது வேறு விஷயம். ஆனால் தங்கை, உனக்கு வேண்டியது எது என்று தெரியாமல் துறையின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிக்காதே. தைவானிலும் இதே இரண்டு பிரிவு உண்டு.

மாட்டுத்தாவணி_மாண்டரின் · டிசம்பர் 30

அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. நான் குறித்து வைத்திருந்த நான்கு இடங்களில் இரண்டு முதல் வகை. நல்லவேளை.

எனக்கு இலக்கியம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இப்போதைக்குப் பேச வேண்டும், அவ்வளவுதான். எதிரில் ஒருவர் சொன்னால் புரிய வேண்டும், நான் சொன்னால் அவருக்குப் புரிய வேண்டும். தைவான் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன், அங்கே எழுத்து வேறு என்கிறார்களே?

பினாங்குத்_தூரிகை · டிசம்பர் 30

எழுத்து பழைய முழு வடிவம். ஒலியைக் குறிக்கவும் பின்யின் இல்லை, 'போ போ மோ ஃபோ' என்று தனிக் குறிகள். தைபேயில் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் 1956-இலிருந்து நடக்கிறது, பட்டம் இல்லாமல் மொழி மட்டும் படிக்க அது நல்ல இடம். சீனாவில் வழங்கும் எளிமையாக்கிய எழுத்தில் ஒன்றரை வருடம் ஓடிவிட்டவர்களுக்கு முழு வடிவத்தை வாசிக்க இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிடும், கையால் எழுதுவதுதான் முழி பிதுங்கும்.

ஒரகடம்_ஓரம் · டிசம்பர் 31

வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன். மன்னிக்கவும், வருடக் கடைசி ஸ்டாக் கணக்கு.

நான் எட்டு வருடமாகத் துபாஷி வேலை, அதாவது இரு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்வது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், நடுவில் ஒன்றரை வருடம் செய்யாறு பக்கம் தைவான் முதலாளிகளின் ஷூ கம்பெனி. எழுத்து வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். 'தொழிற்சாலை' என்பதற்குச் சீனாவில் எழுதுவது இரண்டே கோடு, கூரையும் ஒரு பக்கச் சுவரும் மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றுமில்லை. தைவான் ஆள் எழுதினால் பதினைந்து கோடு. முதல் நாள் கேட்டில் இருந்த போர்டையே எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

இந்த எட்டு வருடத்தில் ஒருத்தரும் என்னிடம் "எந்தப் பல்கலைக்கழகம்" என்று கேட்டதில்லை. நேர்முகத்தில் ஒரு சீன மேனேஜர் உட்காருவார், பத்து நிமிடம் பேசுவார், அவ்வளவுதான். எண்களைக் கொடுத்துப் பார்ப்பார். நமக்கு ஆயிரம், லட்சம், கோடி. அவர்களுக்குப் பத்தாயிரத்துக்கு ஒரு சொல், 'வான்'. ஒரு லட்சம் என்றால் பத்து வான். ஒரு கோடி என்றால் ஆயிரம் வான். பத்துக் கோடிக்குத்தான் அடுத்த சொல், 'யீ'. மீட்டிங்கில் ஒருவர் "முப்பத்தேழு லட்சத்து ஐம்பதாயிரம்" என்று சொல்லி மூச்சு விடுவதற்குள் அது முந்நூற்று எழுபத்தைந்து வான் ஆக வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதைச் சொல்லித்தந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஒருமுறை இருபத்தைந்து லட்சம் என்பதைச் சத்தமாக "அர் பாய் வூ..." என்று தொடங்கி அங்கேயே கொஞ்சம் நிறுத்திவிட்டேன், 250 என்றால் அவர்கள் ஊரில் 'முட்டாள்'. எதிரில் இருந்தவர் ஜிஎம். மீதி 'வான்' வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

என் யோசனை: மாறாதே. பட்டத்தை அங்கேயே முடி. எச்எஸ்கே எழுது, ஆனால் ஆறாம் நிலை வரை அதில் பேச்சு கிடையாது, கேட்டல், வாசித்தல், எழுத்து மட்டும்தான். பேச்சுக்கு எச்எஸ்கேகே என்று தனித் தேர்வு, அதையும் எழுது. மே மாதம் மூன்று வாரம் இந்தப் பக்கம் வா, எங்கள் லைனில் பயிற்சியாளராக நிற்க நான் பேசிப் பார்க்கிறேன்.

கரும்பலகை · டிசம்பர் 31

ஒரகடம் சார் சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்பு. பேச்சுக்கு ஷாப் ஃப்ளோர் நல்ல பள்ளிக்கூடம், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் 'திருகு', 'அளவு', 'நாளைக்கு அனுப்பு' என்ற அளவில்தான் வரும். தவறைத் திருத்த ஓர் ஆள் பக்கத்தில் இல்லாமல் பேசிப் பேசி, தவறே பழக்கமாகிப் போன துபாஷிகளை நானும் பார்த்திருக்கிறேன். உங்களைச் சொல்லவில்லை. ஒரே ஒரு நிரந்தர ஆசிரியர் இருக்கிற துறை, அவர் ஒரு வருடம் விடுப்பில் போனால் என்ன ஆகும்? அந்தப் பெண் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஒரகடம்_ஓரம் · டிசம்பர் 31

என்னைச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு என்னைத்தான் சொல்கிறீர்கள் டீச்சர். 😄 சரி, என் 'ஷ'வும் 'ஸ'வும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன்.

கரும்பலகை · ஜனவரி 1

தூக்கம் வரவில்லை, இன்னொரு வழி ஞாபகம் வந்தது. இதை யாரும் பயன்படுத்துவதில்லை, துறைகளுக்கே தெரியாது.

புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு 2022 டிசம்பரில் யுஜிசி போட்ட இளநிலைக் கட்டமைப்பில், இரண்டாம் ஆண்டு முடிவில் 80 கிரெடிட் இருந்து, கோடை விடுமுறையில் 4 கிரெடிட்டுக்கு ஒரு தொழிற்பயிற்சித் தாளும் முடித்தால், டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். மூன்று வருடத்துக்குள் திரும்பச் சேரலாம், மொத்தப் படிப்பையும் ஏழு வருடத்துக்குள் முடித்தால் போதும். உன் பல்கலைக்கழகம் அந்தக் கட்டமைப்பை ஏற்றிருக்கிறதா என்று முதலில் பார். ஏற்றிருந்தால் நாலாவது செமஸ்டரை ஒழுங்காக முடி, மூன்றாவதோடு நிறுத்தினால் டிப்ளமோ கிடைக்காது. டிப்ளமோவோடு வெளியே வந்து சீனாவுக்கு விண்ணப்பி. அங்கே சில இடங்களில் தேர்வு வைத்து இரண்டாம், மூன்றாம் வருடத்தில் நேராகச் சேர்த்துக்கொள்கிறார்கள், 'சா பான் ஷெங்' என்பார்கள், வகுப்பில் செருகின மாணவர் என்று அர்த்தம். ஒத்துவராவிட்டால் ஒரு வருடம் மொழி மட்டும் படித்துவிட்டு இங்கே ஐந்தாம் செமஸ்டருக்குத் திரும்பலாம். கதவு திறந்தே இருக்கும்.

அந்த 4 கிரெடிட் தொழிற்பயிற்சிக்குத்தான் ஒரகடம் சார் தேவைப்படுவார்.

ஒரகடம்_ஓரம் · ஜனவரி 1

கூப்பிடாமலே வந்துவிட்டேன் பாருங்கள். கம்பெனி முத்திரையோடு சான்றிதழ் வாங்கித் தருவது என் பொறுப்பு.

ஒற்றைப்பெட்டி · ஜனவரி 1

இதோடு இன்னொன்று. அங்கே பட்டம் முடித்துவிட்டுத் திரும்பி இங்கே எம்.ஏ.வோ அரசு வேலையோ என்றால், அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்கிற சமநிலைச் சான்று கேட்பார்கள். முன்பு ஏஐயு, அதாவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், கொடுத்துக்கொண்டிருந்தது, 2025 ஏப்ரலில் யுஜிசி அதற்குப் புதிய விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. சேருவதற்கு முன்னால் படித்துவிடு. சேர்ந்த பின் படித்தால் தூக்கம் போய்விடும், எனக்குப் போனது.

மாட்டுத்தாவணி_மாண்டரின் · ஜனவரி 2

அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். கிரெடிட் வங்கி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார், "கடைக்காரர் நோட்டை வாங்கிக்கொள்வது" வந்ததும் சிரித்தார், அவருக்குப் பாத்திரக்கடை. "அந்தம்மா விவரமானவங்க" என்றார். டீச்சர், உங்களுக்கு ஒரு சான்றிதழ் கிடைத்துவிட்டது.

ஒரு சின்னக் கேள்வி. அந்த 'பாவோ' விஷயத்தை எப்படிச் சரிசெய்வது? வகுப்பில் ஹிந்திக்காரர்களுக்கு "இது ப, இது ப்ஹ" என்று ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு எழுத்திலேயே இருக்கிறது. தமிழில் எழுதினால் நான் எழுதுவது இரண்டுமே 'பா'தான்.

கரும்பலகை · ஜனவரி 2

மெல்லிய காகிதத்தை வாய்க்கு நேரே நான்கு விரல் தூரத்தில் பிடி, பஸ் டிக்கெட் போதும். வயிறு நிறைந்த 'பாவோ'வுக்கு டிக்கெட் அசையக் கூடாது. ஓடிப்போன 'பாவோ'வுக்குப் பறக்க வேண்டும். தினம் ஐம்பது தடவை, ஒரு மாதம். 'தா', 'கா'வுக்கும் அதேதான். நமக்கு இது இல்லை என்று வருத்தப்படாதே, 'மனிதன்' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ழென்' வகுப்பில் உன் வாயில்தான் முதலில் ஒழுங்காக வந்திருக்கும். ழகரம் இருக்கிறவளுக்கு அது இலவசம். உன் ஹிந்தி நண்பர்கள் 'ரென்' என்றும் 'ஜென்' என்றும் திண்டாடியிருப்பார்களே?

மாட்டுத்தாவணி_மாண்டரின் · ஜனவரி 2

ஆமாம்!! இரண்டு வாரம் திண்டாடினார்கள். எனக்கு ஏன் சுலபமாக வந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

மாட்டுத்தாவணி_மாண்டரின் · ஜூலை 19

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள்.

முதலில் டெல்லியில் ஒரு துறைக்கும் இன்னும் இரண்டு இடங்களுக்கும் எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது, சேர்க்கை முதலாம் ஆண்டில் மட்டும், க்யூட் வழியாக மட்டும் என்று இரண்டே வரி. சரி என்று டீச்சர் சொன்ன வழியைப் பிடித்தேன். எங்கள் பல்கலைக்கழகம் அந்தக் கட்டமைப்பை ஏற்றிருந்தது. ஆனால் டிப்ளமோவோடு வெளியேறுகிற விண்ணப்பத்தை எங்கள் அலுவலகத்தில் யாருமே பார்த்ததில்லை. "ஃபெயில் ஆயிட்டியா?" என்று கேட்டார் ஒரு கிளார்க். இல்லை என்றேன். "அப்புறம் ஏன் போறே?" நான்கு தடவை போய் நின்றபின் இணையத்திலிருந்து விதியையே அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மார்க்கர் போட்டு.

மே கடைசியில் மூன்று வாரம் ஒரகடம் அண்ணன் லைனில் நின்றேன். முதல் வாரம் ஒரு நாள் 'வாங்க வேண்டும்' என்பதற்குப் பதிலாக 'விற்க வேண்டும்' என்று சொல்லிவிட்டேன், இரண்டுமே 'மாய்', தொனிதான் வேறு, ஆயிரம் போல்ட் விற்கப் போகிறோமா என்று ஸ்டோர்காரர் பதறிவிட்டார். மூன்றாவது வாரம் அதே இன்ஜினியர் வந்தார். சாப்பிட்டு முடித்துவிட்டு டிக்கெட் அசையாமல் சொன்னேன். புரிந்தது. அவர் இந்தத் தடவை போனை எடுக்கவில்லை.

எச்எஸ்கே 4-இல் 300-க்கு 231. கேட்டலில்தான் குறைவு. சீனாவில் ஓர் இடத்தில் கடிதம் வந்திருக்கிறது, சொந்தக் காசு, உதவித்தொகை கிடைக்கவில்லை. மூன்றாம் ஆண்டு கேட்டேன், ஆன்லைனில் தேர்வு வைத்துவிட்டு இரண்டாம் ஆண்டு முதல் பாதியில் போட்டிருக்கிறார்கள். அப்பா, "அப்போ ஒரு வருஷம் போச்சா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாஸ்போர்ட் எங்கே இருக்கு?" என்று கேட்டார். அம்மா இன்னும் பேசவில்லை, ஆனால் பருப்புப்பொடி அரைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறேன், கொல்கத்தா வழி. நேரடி விமானம் 2025 அக்டோபரில் திரும்ப ஆரம்பித்ததால் பிழைத்தேன், இல்லாவிட்டால் பாங்காக்கில் ஒரு ராத்திரி.

ஒரகடம்_ஓரம் · ஜூலை 19

ஸ்டோர்காரர் இன்னும் "போல்ட் விக்கிற பாப்பா எப்போ வரும்" என்று கேட்கிறார்.

பினாங்குத்_தூரிகை · ஜூலை 19

துறையின் முழுப் பெயரைச் சீனத்தில் எனக்கு ஒரு முறை அனுப்பு. இரண்டாவது பிராணிதானா என்று நானும் பார்த்துவிடுகிறேன்.

ஒற்றைப்பெட்டி · ஜூலை 20

சந்தோஷம். ஒரே ஒரு விஷயம் தங்கச்சி. ஜனவரியில் விடுமுறைக்கு ஊருக்கு வருவாய் அல்லவா, அப்போது பிளஸ் டூ மார்க்‌ஷீட், டிப்ளமோ, எச்எஸ்கே எல்லாவற்றின் அசலையும் கையோடு எடுத்துக்கொண்டு வா, ஒரு மாதம்தானே என்று விட்டுவிட்டு வராதே. என் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் இன்னும் அங்கே ஏதோ ஒரு ஹாஸ்டல் மேசை டிராயரில்தான் இருக்கிறது. வார்டனுக்கு நான்கு தடவை மெயில் போட்டுவிட்டேன். உன் விடுதி அந்த ஊரிலேயே என்றால் சொல், அறை எண் 412.